சாவி என் இடுப்பில் இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்பேன். மறதியும் சேர்ந்துகொண்டது. போன வாரம் இதே பத்திரிகையில் எங்கள் மண்டி வாசலில் வேப்பமரம் இருந்ததாக எழுதிவிட்டேன். அது புங்கமரம் என்று தம்பி போன் செய்து சொன்னான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரம் எங்கள் காரைப் பற்றி. எழுத உட்காரும்போதே கூச்சமாக இருக்கிறது.

பின்கட்டில்

அன்றைக்கு நான் திருவானைக்காவலில் இருந்தேன். என் தம்பி மகள் மஞ்சுவின் மாமியார் வீட்டுப் பின்கட்டு. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சுவுக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. புளிச்சாதம் இருந்த அண்டா காலியாகிவிட்டது. அடியில் ஒட்டியிருந்த கடலைப்பருப்பை ஒரு காக்கா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து கண்ணாடி வளையல் சத்தம் வந்தது. மஞ்சு கையை அசைக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

வாசலில் என் கார் நின்றது. பிரசவத்துக்காக மஞ்சுவை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வந்த கார். ராகு காலம் பிறப்பதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்பது பேச்சு.

நான் ஏன் முன்னால் இல்லாமல் பின்கட்டில் இருந்தேன் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த மாதிரி விசேஷங்களில் நான் முன்னால் நிற்பதில்லை. போகாதே என்று யாரும் சொன்னது கிடையாது. நானேதான். வளையல் போட என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சி படி இறங்கும்போது எதிரே நான் வந்துவிடக் கூடாதே என்று எனக்கே பயம்.

கார் வேண்டும் என்று தம்பிதான் போனில் கேட்டான். அவனுக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறை. சம்பந்தி வீட்டுக்காரர்கள் அவனைவிட வசதி. "அக்கா, பொண்ண அழைச்சுட்டு வர உன் கார் வந்தா எனக்குக் கொஞ்சம் மரியாதையா இருக்கும்" என்றான். அனுப்புகிறேன் என்றேன். கொஞ்சம் இருமினான். அப்புறம், "நீயும் வாயேன்" என்றான்.

அந்த இருமல் எனக்குப் புரிந்தது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அழைப்பு காருக்கு வந்தது. நான் அதோடு கூடப் போனவள்.

கார் வந்த விதம்

இதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

காந்தி மார்க்கெட்டில் எங்களுக்கு வாழைக்காய் மண்டி இருந்தது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாரோடு தாராக நிற்கிற மனுஷர். வாழைக்கறை படாத சட்டை அவரிடம் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவருக்கு வயசான காலத்தில் இப்படி ஓர் ஆசை வந்தது. சென்னையில் ஒரு டாக்டர் வைத்திருந்த வெளிநாட்டுக் காரை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கம்பெனிப் பேர் எனக்கு வாயில் நுழையாது. கறுப்பு நிறம், நீளமான வண்டி. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு வாசலில் பாதி போய்விடும். அந்த வீட்டுக் கோலத்தின் மேல் சக்கரம் ஏறாத நாள் கிடையாது. தினமும் அந்த அம்மாளிடம் நான்தான் மன்னிப்புக் கேட்பேன்.

அந்த வண்டியில் இல்லாதது கிடையாது. கதவைப் பாதி சாத்தினால் போதும், மீதியை அதுவே இழுத்துக்கொள்ளும். முதல் நாள் இது தெரியாமல் நான் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, யாரோ உள்ளே இருந்து பிடிக்கிறார்கள் என்று பயந்துவிட்டேன். உள்ளே ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் பேசும். சீட்டு சூடாகும், குளிரும், முதுகைப் பிடித்துவிடும். பின் கண்ணாடிக்கு ஒரு திரை தானாக ஏறும். அத்தனையிலும் எனக்குப் பிடித்தது அந்தத் திரை ஒன்றுதான்.

நான் சீட்டு நுனியில் உட்காருவதைப் பார்த்து அவர் சிரிப்பார். "நல்லாச் சாஞ்சு உக்காரு. சீட்டு ஒன்னும் கடிச்சிடாது" என்பார்.

சாய முடிந்ததில்லை. மார்க்கெட் வழியாகப் போகும்போது தார் சுமக்கிறவர்கள் வேர்க்க விறுவிறுக்க ஒதுங்கி வழி விடுவார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குளிரில் உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பார்க்க எனக்கு முகம் இருக்காது. குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி பாவனை செய்வேன்.

உட்கார்ந்துவிடுகிற வண்டி

அவர் போய்விட்டார். மண்டி கைமாறிவிட்டது. கார் மட்டும் நின்றது. மனுஷரைப் போலவே அதற்கும் வயசானது.

பெரிய உபத்திரவம், அது உட்கார்ந்துவிடும். சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்திருக்கிறார்களாம். பை நைந்துபோய்க் காற்று இறங்கிவிடுகிறது. நிறுத்திவைத்துவிட்டு வந்து பார்த்தால் வயிறு தரையில் படுகிற மாதிரி கிடக்கும். ஸ்டார்ட் செய்தால் புஸ் என்று மூச்சு விட்டு மெதுவாக எழுந்திருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அரியமங்கலத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில்தான் பார்க்கிறோம். போன தடவை பையை மாற்றினார்கள். அந்தப் பக்கம் எழுந்தது, இந்தப் பக்கம் படுத்தது. எலி ஒயரைக் கடிக்கிறது என்று சொல்லி, பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள். செய்தேன். எலி போனதோ என்னவோ, ஏசி போட்டால் வண்டி முழுக்கப் புகையிலை நெடி. கோயிலுக்குப் போய் இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொடி போடுகிற கிழவி என்று நினைத்திருப்பார்கள்.

முன்னால் சின்ன டிவி மாதிரி இருக்கிறதே, அதில் எப்போதும் சிவப்பு எழுத்து ஏதாவது ஒன்று வந்துகொண்டேயிருக்கும். முதலில் ஒவ்வொன்றுக்கும் பயந்தோம். அப்புறம் நானும் பார்ப்பதில்லை, டிரைவர் செல்வமும் பார்ப்பதில்லை. செல்வம் கூப்பிட்டால் வருகிற ஆக்டிங் டிரைவர். பொறுமைசாலி. "அது சும்மா கத்திக்கிட்டே இருக்கும்மா, மாமியார் மாதிரி" என்பான்.

விற்றுவிடலாமே என்பார்கள். விற்றால், மண்டிக்காரர் வீடு நொடித்துப்போய்விட்டது என்று பேச்சு வரும். வைத்திருந்தால், தனிக் கட்டைக்கு எதற்கு இந்தத் தேர் என்று பேச்சு வரும். இந்த இரண்டு வெட்கத்தில் எதைப் பொறுத்துக்கொள்வது என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

சாவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சாவி மாதிரி இருக்காது. தேய்ந்துபோன சோப்புக் கட்டி மாதிரி இருக்கும். எங்கேயும் நுழைக்க வேண்டாம். அது வண்டிக்குள் இருந்தால் போதும், டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். "இத நீயே வச்சுக்க. நீ உள்ள இருந்தா வண்டி ஓடும், இல்லேன்னா ஓடாது" என்று அவர் என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அது என் இடுப்புச் சுருக்குப் பையில்தான். நான் ஏறுவேன், செல்வம் அழுத்துவான், வண்டி போகும். நான் இல்லாமல் வண்டி போனதே இல்லை. அதனால் சாவி என்று ஒன்று இருப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

வாசலில் சத்தம்

திரும்பவும் பின்கட்டுக்கு வருகிறேன்.

ஏற்பாடு இப்படி. காரில் மஞ்சுவும் அவள் அம்மாவும் தம்பியும் போவார்கள். சீர்த்தட்டு எடுத்துவந்தவர்கள் வேனில் போவார்கள். கார் தெரு முனை திரும்பிய பிறகு நான் வெளியே வந்து வேனில் ஏறிக்கொள்வேன்.

மஞ்சுவை வெளியே அழைத்துப் போகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது. ஆரத்தி எடுத்தார்கள். கார்க் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது. கிளம்பிவிடும் என்று நானும் எழுந்து புடவையை உதறிக்கொண்டேன்.

கிளம்பவில்லை.

பிறகு ஆம்பிளைகள் பேச்சு. பானெட்டைத் திற என்கிறார் ஒருவர். பேட்டரி என்கிறார் ஒருவர். தள்ளிப் பார்க்கலாம் என்கிறார் ஒருவர். பட்டு வேட்டியோடு நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்களாம். அந்த வண்டி தள்ளினால் நகராது, பூட்டிக்கொண்டு நிற்கும். "என்னங்க இது, யானை வாங்கிக் கட்டுன மாதிரில்ல இருக்கு" என்று யாரோ சொல்ல, சிரிப்புச் சத்தம். என் தம்பி சிரித்திருக்க மாட்டான்.

எனக்குக் காது எரிந்தது. வழக்கம்போல வண்டி மானத்தை வாங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

அப்போது மஞ்சுவின் மாமியார் குரல். அவர் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். சத்தம் போடாமலே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசுவார். "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. பொண்ணு இங்கயே இருக்கட்டுமே, பிரசவத்த நாங்களே பாத்துக்குறோம்" என்றார்.

முதலிலிருந்தே அவருக்கு அனுப்ப இஷ்டமில்லை. அரியமங்கலத்தில் தூசி, பட்டறைச் சத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சுவோ மசக்கை நாளிலிருந்தே அம்மாவிடம் போகணும், அம்மா கையால் ஒரு ரசம் சாப்பிடணும் என்று எனக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. லீவு விட்டால் எங்கள் வீட்டிலேயே கிடந்து வளர்ந்தவள் அவள். அம்மாவிடம் சொல்லாததை என்னிடம் சொல்வாள்.

அவள் குரல் கேட்கவில்லை. வளையல் சத்தமும் நின்றுவிட்டது.

கை தானாக இடுப்புக்குப் போனது. சுருக்குப் பை. அதற்குள் சோப்புக் கட்டி.

எதிரே

யாரையாவது கூப்பிட்டுக் கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தேன். பின்கட்டில் காக்காவைத் தவிர யாரும் இல்லை. எல்லோரும் வாசலில். இரண்டு தரம் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கூடம் வழியாக நடந்தேன். தரையெல்லாம் சந்தனமும் நசுங்கிய பூவும். நிலைப்படியில் நின்றுவிட்டேன். எதிரே கார். வாசலைப் பார்த்து, மூஞ்சியை இந்தப் பக்கம் வைத்து நின்றது. பக்கவாட்டில் போக இடமில்லை, வேன் நிற்கிறது. போனால் நேர் எதிரேதான் போக வேண்டும். பின் சீட்டில் மஞ்சு. வேர்த்து, கன்னத்துச் சந்தனம் வழிந்திருந்தது.

கால் எடுத்து வைத்தேன்.

அந்த வண்டிக்கு ஒரு பழக்கம். சாவி பக்கத்தில் வந்தால் அதற்குத் தெரிந்துவிடும். முன் விளக்கு இரண்டும் தானாக எரிந்தன. சந்து குறுகல் என்று மடக்கிவைத்திருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் காது மாதிரி விரிந்தன. அத்தனை பேரும் காரைப் பார்த்தார்கள். அப்புறம் கார் யாரைப் பார்க்கிறது என்று திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஆளு தெரிஞ்சு வணக்கம் வைக்குதுப்பா" என்றார் அந்த யானை ஆள்.

பூமி பிளந்தால் போய்விடலாம் போல இருந்தது. ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, செல்வத்திடம் சாவியைக் காட்டினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பொத்தானை அழுத்தினான். புஸ் என்று மூச்சு விட்டு வண்டி எழுந்திருக்க ஆரம்பித்தது. என் முன்னால், மெதுவாக, பெரிய மனுஷரைக் கண்டு எழுந்து நிற்கிற மாதிரி. எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம்.

மஞ்சுவின் மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. கார்க் கதவைத் திறந்து, "மஞ்சு, ஒரு தரம் இறங்கி உள்ள வந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுக் கிளம்புமா" என்றார்.

சகுனம் சரியில்லை என்றால் அப்படித்தான் செய்வார்கள். நியாயம்தான் என்று என் மனசும் சொன்னது. ஆனால் இறங்கி உள்ளே போனால் ராகு காலம் பிறந்துவிடும். பிறந்துவிட்டால் இன்றைக்கு வேண்டாம் என்பார்கள். நாளைக்கு வேறொன்று வரும்.

மஞ்சு கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"குடிச்சுட்டேன் அத்தம்மா. போயிட்டு வரேன்" என்றாள். மாமியாரை அவள் அத்தம்மா என்பாள், என்னை வெறும் அத்தை. உடனே என் பக்கம் திரும்பினாள். "அத்தை, முன் சீட்டுல ஏறுங்க. வழியில நின்னா சாவிக்கு எங்க போறது?"

முன் சீட்டில் ஏறப்போன தம்பி ஒதுங்கி நின்றான். அவன் வேனில் வந்தான். அவன் காரில் வரவேண்டும் என்றுதானே காரே கேட்டான்.

காவிரிப் பாலம் வந்தது. நான் ஒடுங்கி உட்கார்ந்ததில் பக்கத்திலிருந்த ஏதோ பொத்தானில் கை பட்டு, சீட்டு என் முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. சொல்லவும் வெட்கம். அரியமங்கலம் வருகிறவரை அது பிசைந்துகொண்டே வந்தது. பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

புத்தூரில்

குழந்தை நாள் முந்திப் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. மூச்சு விடச் சிரமம் என்று புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

தம்பி போனில் சொன்னதும் அந்த வாசலும், வண்டி விளக்கு எரிந்ததும்தான் கண்ணில் நின்றது. சம்பந்தி வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "யாரும் ஒன்னும் சொல்லலக்கா. அந்த அம்மா மூணு வேளையும் அங்கதான் உக்காந்திருக்காங்க. நீ எப்ப வர?" என்றான்.

யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. நான் எதிரே வந்ததால்தான் இப்படி என்று நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

வண்டி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்றேன். வண்டி வாசலில்தான் இருந்தது. அந்த மாதம் பார்த்து ஒரு கோளாறும் இல்லாமல், உட்காராமல், நிமிர்ந்து நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போவேன். ஆட்டோ இருக்கிறது, பஸ் இருக்கிறது. மேலூர் ரோட்டிலிருந்து புத்தூர் என்ன காசியா.

குழந்தை தேறிவிட்டது. வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று மஞ்சுவே போன் செய்தாள். குரல் இளைத்திருந்தது.

"வண்டி வந்துடுச்சா அத்தை?"

"வந்துடுச்சுமா."

"அப்ப எடுத்துக்கிட்டு வாங்க. பாப்பாவ நம்ம வண்டியிலதான் கூட்டிட்டுப் போகணும்."

சரி என்றேன். புடவைகூட எடுத்து வைத்தேன். அப்புறம் நினைத்தேன், ஒரு தரம் எதிரே போனதற்கே இந்தப் பாடு, பச்சைக் குழந்தை முதல் முதலாக வெளியே வருகிற நேரத்தில் எதற்கு. செல்வத்தைக் கூப்பிட்டு, சுருக்குப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவர் கொடுத்ததிலிருந்து அது வேறு ஒருத்தர் கையோடு தெருவைத் தாண்டியது அன்றைக்குத்தான். கார் என்னை விட்டுவிட்டுப் போனது.

சீக்கிரமே திரும்பி வந்துவிட்டது. பின் சீட்டில் நான் விரித்து அனுப்பிய பழைய வேட்டித் துணி கசங்காமல் அப்படியே இருந்தது.

செல்வம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மஞ்சு குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாளாம். முன் சீட்டைக் குனிந்து பார்த்தாளாம். அத்தை எங்கே என்றாளாம். இவன் சாவியைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். "சாவி மட்டும்தான் வந்துச்சா அண்ணே?" என்று கேட்டாளாம். கேட்டுவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். வெயில் நேரம். அவள் மாமியாரும் அதே ஆட்டோவில் கூட ஏறிக்கொண்டாராம்.

குழந்தை இப்போது குப்புற விழுகிறதாம். தம்பி சொன்னான். நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். நான் எழுதியதில் முன்பின் மாறியிருக்கலாம். அச்சில் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் மஞ்சுவிடம் இதைப் படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பேரைக்கூட அவள் சொன்னால் மாற்றிவிடுங்கள். முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். சாவி மட்டும்தான் வந்துச்சா என்று கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள் என்று செல்வம் முதலில் சொன்னான். இரண்டாம் தரம் கேட்டபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள் என்றான். மூன்றாம் தரம் கேட்டால் அவனுக்கே ஞாபகம் இல்லை. இதில் எது சரி என்று அவளிடம் கேட்டு எழுதிவிடுங்கள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அவள் இன்னும் அரியமங்கலத்தில் அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள்.